ஒரு சிறு வினையின் பெருவாழ்வு: 'கெட்' என்னும் ஆங்கிலச் சொல்லின் வரலாறு

மொழி பயிலும் மாணவர் அருஞ்சொல்லைக் கண்டு அஞ்சுவர். அகராதி தொகுக்கும் அறிஞரோ எளிய சொல்லைக் கண்டு அஞ்சுவர். நீண்டு ஒலிக்கும் அறிவியற்சொல் ஒன்றுக்குப் பொருளை ஒரு வரியில் எழுதிவிட்டு அடுத்த சொல்லுக்குச் சென்றுவிடலாம். குழந்தையும் அறிந்த மூன்றெழுத்து வினை ஒன்று வந்துவிட்டால் மாதக்கணக்கில் அங்கேயே நிற்க நேரும். ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் 1989ஆம் ஆண்டுப் பதிப்பில் 'செட்' என்னும் வினைக்கு 430 பொருள்கள் பதிவாயின. பின்னர் நிகழ்ந்த திருத்தப் பணியில் 'ரன்' என்னும் வினை அதனை விஞ்சியது. அகராதியின் பதிப்பாசிரியருள் ஒருவரான பீட்டர் கில்லிவர் ஏறத்தாழ ஒன்பது மாதம் அந்த ஒரு வினையோடு உழைத்து 645 பொருள்களைப் பிரித்தறிந்தார்.

இவ்விடர் புதியதன்று. 1755ஆம் ஆண்டில் தம் ஆங்கில அகராதியை வெளியிட்ட சாமுவேல் ஜான்சன், தம் உழைப்பைப் பெருக்கிய வினைச்சொற்கள் சிலவற்றை முன்னுரையில் பட்டியலிட்டார். 'கம்', 'கிவ்', 'புட்', 'மேக்', 'டேக்', 'ரன்', 'செட்' ஆகியவற்றோடு 'கெட்' என்பதும் அப்பட்டியலில் இடம்பெற்றது. இச்சொற்களின் பொருள் தளர்ந்து பரந்தது என்றும், முதற்பொருளிலிருந்து அவை சென்று சேர்ந்த தொலைவை வழி தவறாமல் பின்தொடர்வது கடினம் என்றும் அவர் கூறினார். புயலில் அசையும் சோலையை நீரில் தெரியும் நிழலைக் கொண்டு வரைய முடியாதது போல, பேசுவோர் வாயில் நாள்தோறும் இடம் மாறும் சொற்களை அகராதியில் நிலைநிறுத்த முடியாது என்பது அவர் கருத்து.

ஜான்சனின் பட்டியலிலிருந்து 'கெட்' என்னும் ஒரு வினையை மட்டும் இவ்வுரையில் எடுத்துக்கொள்கிறோம். அது ஆங்கிலத்துக்கு வெளியிலிருந்து வந்த சொல். பள்ளிகளில் நெடுங்காலம் கண்டிக்கப்பட்ட சொல். நம் நாட்டுக் கடைத்தெருக்களில் நாள்தோறும் ஒலிக்கும் சொல். ஒரு பொருள் செவ்வழக்கு என்றும் மற்றொரு பொருள் கொச்சை என்றும் எப்போது, எவ்வாறு முடிவு செய்யப்படுகின்றன என்னும் வினாவுக்கு இச்சொல்லின் வரலாறு விடை தருகின்றது. அவ்விடை ஆங்கிலம் கற்பிப்போர்க்கு மட்டுமின்றித் தமிழ் கற்பிப்போர்க்கும் வேண்டுவதாகும்.

கடல் கடந்து வந்த சொல்

793ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையிலுள்ள லிண்டிஸ்ஃபார்ன் மடத்தை வடபுலக் கடலோடிகள் தாக்கினர். அடுத்த நூற்றாண்டில் அவர்கள் பெரும்படையாக வந்தனர். கொள்ளையிட்டுத் திரும்புவதை விடுத்து நிலம் உழுது குடியேறவும் தலைப்பட்டனர். 878ஆம் ஆண்டில் ஆல்ஃபிரட் அரசர் அவர்களை வென்றபின் ஏற்பட்ட உடன்பாடுகளால் இங்கிலாந்தின் வடக்கும் கிழக்கும் டேனியர் ஆட்சிக்குரிய நிலமாயின. இன்றும் அப்பகுதிகளில் 'பி' என முடியும் ஊர்ப்பெயர்கள் செறிந்துள்ளன. டெர்பி, விட்பி, கிரிம்ஸ்பி ஆகியன அத்தகையவை. குடியிருப்பைக் குறிக்கும் வடபுலச் சொல்லே அவ்விகுதி.

வந்தவர் மொழியும் இருந்தவர் மொழியும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. அண்டை வீட்டாராக வாழ்ந்து, பெண் கொடுத்து, பெண் எடுத்துப் பழகியதால் அன்றாட வாழ்வின் அடிப்படைச் சொற்களே இடம் மாறின. 'அவர்கள்' எனப் பொருள்படும் 'தே' என்பதும், 'எடு' எனப் பொருள்படும் 'டேக்' என்பதும், வானம், முட்டை, கத்தி, சன்னல், சட்டம் ஆகியவற்றைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்களும் வடபுல மொழியிலிருந்து வந்தவையே. 'கெட்' என்பதும் அவ்வழியில் வந்தது. பழைய வடபுல மொழியில் 'கெட்டா' என்னும் வினைக்கு அடைதல், பிள்ளை பெறுதல், ஊகித்தல் ஆகிய பொருள்கள் இருந்தன. ஏறத்தாழ 1200ஆம் ஆண்டளவில் அது ஆங்கில எழுத்தில் தலைகாட்டுகின்றது.

பழைய ஆங்கிலத்திலும் இதற்கு உறவான சொல் இருந்தது. ஆயின் தனித்து வழங்காமல் முன்னொட்டோடு சேர்ந்தே வழங்கியது. பெற்றெடுத்தலைக் குறிக்கும் 'பிகெட்', மறத்தலைக் குறிக்கும் 'ஃபர்கெட்' ஆகியவை அதன் வழி வந்தவை. அச்சொல்லின் முதலெழுத்து அக்காலத்தில் யகரம் போல ஒலித்தது. 1400ஆம் ஆண்டில் மறைந்த ஜெஃப்ரி சாஸர் கூட 'ஃபர்கெட்' என்பதை யகர ஒலியோடுதான் எழுதினார். இன்று அச்சொற்களில் ஒலிக்கும் வல்லின ககரம் வடபுலத்தார் தந்தது.

இம்மாற்றம் ஒரே நாளில் நிகழவில்லை. இங்கிலாந்தில் முதன்முதலாக அச்சுக்கூடம் நிறுவிய வில்லியம் காக்ஸ்டன், 1490ஆம் ஆண்டில் தாம் வெளியிட்ட நூலொன்றின் முன்னுரையில் ஒரு நிகழ்ச்சியைக் குறிப்பிடுகின்றார். தேம்ஸ் ஆற்றில் காற்றுக்காகக் காத்திருந்த வணிகர் சிலர் கரையிறங்கினர். அவருள் ஒருவர், முட்டை வேண்டும் என்பதற்கு 'எக்ஸ்' என்னும் வடபுலச் சொல்லை ஆண்டார். வீட்டுத் தலைவியோ தமக்குப் பிரெஞ்சு தெரியாது என்று விடையிறுத்தார். மற்றொருவர் 'அய்ரன்' என்னும் பழைய ஆங்கிலச் சொல்லைக் கூறியபின்னரே அவருக்குப் பொருள் விளங்கிற்று. அன்று தென்னாட்டுப் பெண்ணுக்கு அயன்மொழியாக ஒலித்த 'எக்' இன்று செவ்வழக்கு. அவர் அறிந்த 'அய்ரன்' வழக்கொழிந்தது. எச்சொல் நிலைக்கும் என்பதை அக்காலத்தில் யாரும் கணித்திருக்க இயலாது.

ஒரு பொருள் பல பொருளான வழி

'கெட்' என்பதன் அடிப்படைப் பொருள் கையால் பற்றுதல், அடைதல் என்பதாகும். மொழிநூலார் இதன் வேரை இலத்தீன் மொழியின் 'பிரெஹெண்டெரே' என்னும் வினையின் வேரோடு இணைப்பர். சிறையைக் குறிக்கும் 'பிரிசன்', கைது செய்தலையும் உணர்தலையும் குறிக்கும் 'அப்ரெஹெண்ட்', புரிந்துகொள்ளுதலைக் குறிக்கும் 'காம்ப்ரெஹெண்ட்' ஆகியன இலத்தீன் வழியில் பிறந்தவை. கையால் பற்றுதல் மனத்தால் பற்றுதலாக விரிவது இயல்பான வளர்ச்சி. தமிழில் 'கள்வன் பிடிபட்டான்' என்கிறோம். 'இப்போதுதான் கணக்குப் பிடிபட்டது' என்றும் கூறுகிறோம். ஆங்கில இளைஞர் ஒருவர் 'ஐ கெட் இட்' என்று கூறும்போது அதே வளர்ச்சியையே காண்கிறோம். 'காம்ப்ரெஹெண்ட்' என்பது உயர்நடை என்றும் 'கெட்' என்பது பேச்சுநடை என்றும் இன்று பிரிக்கிறோம். இரண்டும் ஒரே வேரில் தோன்றி, ஒரே வழியில் பொருள் விரிந்தவை. ஒன்று இலத்தீன் நூல்களின் வழியாக வந்தது. மற்றொன்று உழவர் வாய்வழியாக வந்தது. மதிப்பின் வேறுபாடு அவ்வளவே.

பொருளை அடைதல் என்பது இடத்தை அடைதலாக விரிந்தது. ஊரை அடைதல், வண்டியில் ஏறுதல், படுக்கையிலிருந்து எழுதல், அவையை விட்டு நீங்குதல் ஆகிய அனைத்தும் 'கெட்' என்பதோடு ஒரு சிறு துணைச்சொல்லைச் சேர்த்தே கூறப்படலாயின. இடத்தை அடைதல் என்பது நிலையை அடைதலாக மேலும் விரிந்தது. 16ஆம் நூற்றாண்டின் இறுதி முதல் சினங்கொள்ளுதல், முதுமையடைதல், ஆயத்தமாதல் போன்ற நிலைமாற்றங்களையும் இவ்வினை குறிக்கத் தொடங்கிற்று.

இவ்விரிவுக்கு ஆங்கிலத்தில் நேர்ந்த ஓர் இழப்பும் இடந்தந்தது. பழைய ஆங்கிலத்தில் 'ஆதல்' என்னும் பொருளுடைய 'வெயொர்தன்' என்னும் வினை இருந்தது. ஜெர்மன் மொழியில் இன்றும் வாழும் 'வெர்டன்' என்பதன் உறவுச்சொல் அது. செயப்பாட்டு வினையை அமைக்கவும் அது பயன்பட்டது. இடைக்கால ஆங்கிலத்தில் அச்சொல் மெல்ல மறைந்தது. எஞ்சியது 'இரு' எனப் பொருள்படும் 'பி' என்னும் வினை மட்டுமே. அதனால் ஒரு குழப்பம் நேர்ந்தது. தமிழில் 'கதவு மூடப்பட்டது' என்பது நிகழ்ச்சி; 'கதவு மூடப்பட்டிருந்தது' என்பது நிலை. ஆங்கிலத்தில் 'வாஸ் குளோஸ்ட்' என்னும் ஒரே தொடர் இரண்டையும் குறிக்க வேண்டியதாயிற்று. இவ்விடைவெளியில் 'கெட்' நுழைந்தது. 17ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து இதற்கான சான்றுகள் கிடைக்கின்றன. 18, 19ஆம் நூற்றாண்டுகளில் அது வேரூன்றியது. ஒருவர் வேலையிலிருந்து நீக்கப்பட்டார் என்பதை 'காட் ஃபயர்ட்' என்று கூறினால் அது நிகழ்ச்சியையே குறிக்கும், நிலையைக் குறிக்காது. பேசுவோர் தம் மொழியில் இருந்த ஓட்டையைத் தாமே அடைத்துக்கொண்டனர் எனலாம்.

உடைமைப் பொருளும் இவ்வாறு வந்ததே. 'அடைந்திருக்கிறேன்' எனப் பொருள்பட்ட 'ஹேவ் காட்' என்பது ஏறத்தாழ 1600ஆம் ஆண்டளவில் 'உடையேன்' எனப் பொருள்படலாயிற்று. அடைந்த ஒன்று கையில் இருக்கும் அல்லவா? பேச்சில் 'ஹேவ்' சுருங்கித் தேய்ந்தது. தேய்ந்த சொல்லின் பொருளைச் சுமக்கும் பொறுப்பு 'காட்' என்பதன் மீது விழுந்தது. 1993ஆம் ஆண்டில் கலிஃபோர்னியாவின் பால் விற்பனை வாரியம் 'காட் மில்க்?' என்று வினவி விளம்பரம் செய்தபோது 'ஹேவ்' முற்றிலும் மறைந்திருந்தது. ஆயினும் படித்தோர் எவருக்கும் பொருள் விளங்காமற் போகவில்லை.

வகுப்பறை விதித்த தடை

18ஆம் நூற்றாண்டு ஆங்கில இலக்கண நூல்கள் பெருகிய காலம். மொழியைச் செப்பம் செய்ய வேண்டும் என்னும் ஆர்வம் அப்போது ஓங்கியது. 'கெட்' எங்கும் வருவதனாலேயே குற்றவாளியாயிற்று. அந்நூற்றாண்டின் இறுதியில் ஒரு நையாண்டிப் பத்தி அச்சேறியது. அதில் ஒருவர் கடிதம் பெறுகின்றார், குதிரையேறுகின்றார், கேன்டர்பரி நகரை அடைகின்றார், மழையில் நனைகின்றார், சளி பிடித்துக்கொள்கின்றார். ஒவ்வொரு செயலுக்கும் 'காட்' என்னும் ஒரே சொல்லே வருகின்றது. சொல் வறுமையைக் காட்டுவதற்காக எழுதப்பட்ட அப்பத்தி பின்னர்ப் பல திரட்டு நூல்களில் மறுபதிப்பாயிற்று. அதனை இன்று படிக்கும் நமக்கு வேறொன்றும் புலனாகின்றது. அவ்வளவு செயல்களுக்கும் ஒரே சொல் வந்தபோதிலும் ஓரிடத்திலும் பொருள் மயக்கம் இல்லை.

இத்தடைக்குச் சான்றோர் வழக்கு துணைநிற்கவில்லை. சொற்களை வரம்பில் நிறுத்துவதில் கண்டிப்பானவர் எனப் பெயர்பெற்ற ஜான்சனே உடைமைப் பொருளைத் தம் அகராதியில் சேர்த்திருந்தார். 1611ஆம் ஆண்டில் வெளிவந்த ஆங்கில விவிலிய மொழிபெயர்ப்பில் 'நீங்கிச் செல்' என்று ஆணையிடும் இடங்களில் 'கெட்' வருகின்றது. அதன் இறந்தகால வடிவம் அந்நூலில் 'கேட்' என அமைகின்றது. திருமறையில் நின்ற சொல்லைப் பள்ளிக் கட்டுரையில் நிற்கலாகாது என விலக்கினர். ஆயினும் நூற்றாண்டு கடந்தும் பல வகுப்பறைகளில் 'கெட்' என்று எழுதிய மாணவரின் தாளில் சிவப்புக் கோடு விழுந்தது.

கோடு இட்டவர் எண்ணத்தில் ஒரு நன்மையும் இருந்தது என்பதை மறுப்பதற்கில்லை. எதற்கும் 'கெட்' என்று எழுதிப் பழகிய மாணவர் 'அப்டெய்ன்', 'ரிசீவ்', 'பிகம்', 'அரைவ்' ஆகிய நுண்பொருட் சொற்களைக் கற்காமல் நின்றுவிடக்கூடும். சொல்வளம் பெருக்கும் பயிற்சியாக அதனைக் கற்பித்திருந்தால் குறைகூற இடமில்லை. பயிற்சி என்று கூறாமல் இலக்கணப் பிழை என்று கூறியதே வரலாற்றுக்கு மாறானது.

'காட்டன்' என்னும் வடிவத்தின் கதையும் இதனோடு ஒத்தது. 'கெட்' என்பதன் இறந்தகால எச்சமாகிய அவ்வடிவம் இங்கிலாந்தில் பொதுவழக்கிலிருந்து மறைந்து, 'ஃபர்காட்டன்' போன்ற சில சொற்களில் மட்டும் தங்கியது. கடல் கடந்து குடியேறிய அமெரிக்கரோ அதனைக் கைவிடவில்லை. உடைமையைக் குறிக்கும்போது 'காட்' என்றும், அடைதலையும் ஆதலையும் குறிக்கும்போது 'காட்டன்' என்றும் அவர்கள் பொருள் வேறுபடுத்தி வழங்குகின்றனர். அதனை அமெரிக்கர் புகுத்திய புதுமை என்று இங்கிலாந்தார் சிலர் எள்ளுவதுண்டு. உண்மையில் தம் முன்னோர் பேசிய வடிவத்தையே அவர்கள் எள்ளுகின்றனர்.

குழுவிலிருந்து ஊருக்கு

தெருவழக்குக்கு வருவோம். 'கெட்' என்பதன் கொச்சைப் பொருள்கள் எனப் பலவற்றை அகராதிகள் குறிக்கின்றன. எரிச்சலூட்டுதல், பழிதீர்த்தல், கொல்லுதல், சொல்லின் நயத்தை உணர்தல் ஆகியன அவற்றுட் சில. 'கெட் லாஸ்ட்' என்றால் தொலைந்துபோ என்பது பொருள். 'கெட் அவுட்' என்பது வெளியேறு என்னும் ஆணையாகவும் வரும். நம்பமுடியாத செய்தியைக் கேட்டு வியப்போர் வாயில் 'சும்மா சொல்லாதே' என்னும் பொருளிலும் வரும். ஒருவரைச் சினமூட்டுவதை 'அவருடைய ஆட்டைப் பிடித்தல்' என்று கூறும் தொடர் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் பரவியது. ஆட்டுக்கும் சினத்துக்கும் உள்ள தொடர்பு பற்றி வழங்கும் கதைகளுள் எதுவும் மெய்ப்பிக்கப்படவில்லை.

பெயர்ச்சொல்லாகவும் 'கெட்' வாழ்கின்றது. குதிரை வளர்ப்போரிடையே ஓர் ஆண்குதிரைக்குப் பிறந்த குட்டிகளை அதன் 'கெட்' என்று கூறும் வழக்கு உள்ளது. அங்கு அது தொழிற்சொல், மதிப்புக்குரியது. வட இங்கிலாந்தில் அதே சொல் முறைதவறிப் பிறந்தவன் என்னும் வசையாயிற்று. பின்னர் 'கிட்' எனத் திரிந்து, அறிவிலி என்னும் பொதுவசையாக இங்கிலாந்து முழுவதும் பரவியது. சொல் ஒன்று, முதற்பொருளும் ஒன்று. இலாயத்தில் ஒரு மதிப்பும் சந்தையில் ஒரு மதிப்பும் அதற்கு அமைந்தன.

இதனை விளக்க நம் இலக்கண மரபிலேயே ஏற்ற கருவி உள்ளது. நன்னூலார் தகுதி வழக்கை மூன்றாகப் பகுத்து, அவற்றுள் ஒன்றாகக் குழூஉக்குறியை வைத்தார். ஒரு குழுவினர் தமக்குள் பொருள் குறித்து வழங்கும் சொல் அது. பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பர் என உரையாசிரியர் காட்டு தருவர். கள்வர், மாலுமியர், படைவீரர், இசைக்கலைஞர், மாணவர் ஆகிய குழுவினரிடையே தோன்றும் ஆங்கிலத் தெருவழக்கும் இத்தகையதே. அவற்றுட் பெரும்பாலானவை குழுவோடு மறையும். சில ஊரார் வாய்க்கு வரும். மிகச் சில நூலில் ஏறும். தப்பியோடுதலைக் குறித்த 'கெட்அவே' இன்று விடுமுறைச் சிற்றுலாவைக் குறிக்கும் சொல்லாகச் சுற்றுலா நிறுவனங்களின் விளம்பரங்களில் நிற்கின்றது. கள்வர் ஏறித் தப்பிய வண்டியையும் குடும்பத்தார் மகிழ்ந்து செல்லும் பயணத்தையும் இன்று ஒரே சொல் சுட்டுகின்றது.

நம் கரையில் 'காட்'

சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் வாழும் நமக்கு இச்சொல்லின் கதை இங்கிலாந்தோடும் அமெரிக்காவோடும் முடிந்துவிடவில்லை. நம் தெருக்களில் அதற்கு மற்றொரு பொருளும் பிறந்துள்ளது. 'ஹியர் காட் பார்க்கிங்?' என்று ஒருவர் வினவினால், இங்கே வண்டி நிறுத்த இடம் இருக்கிறதா என்பது பொருள். 'காட்' என்றே மறுமொழியும் வரும். இங்கு அது அடைதலையோ, ஒருவருடைய உடைமையையோ குறிக்கவில்லை, இருத்தலைக் குறிக்கின்றது.

இப்பொருள் எங்கிருந்து வந்தது? மலாய் மொழியின் 'அடா' என்னும் சொல் இருத்தல், உடைமை ஆகிய இரண்டையும் குறிக்கும். மாண்டரினிலும் ஹொக்கியெனிலும் இவ்விரு பொருளுக்கும் ஒரே வினைதான். தமிழிலும் 'எனக்கு ஒரு வீடு இருக்கிறது', 'அங்கே ஒரு வீடு இருக்கிறது' என இரண்டுக்கும் 'இரு' என்பதே வருகின்றது. சந்தையில் ஒருவரோடொருவர் பேசுவதற்கு ஆங்கிலத்தைக் கைக்கொண்ட இம்மொழியினர் அனைவரும் உடைமையையும் இருத்தலையும் ஒரே கூரையின் கீழ் வைத்துப் பழகியவர்கள். உடைமையைக் குறித்த 'காட்' அவர்கள் வாயில் இருத்தலையும் குறித்ததில் வியப்பில்லை. ஒருவர் கூற்றை மறுக்கும் 'வேர் காட்!' என்னும் தொடர், மலாயில் வழங்கும் 'மானா அடா' என்பதனோடு சொல்லுக்குச் சொல் பொருந்துவதும் நோக்கத்தக்கது. தீயது நேர்ந்ததைக் குறிக்க 'காட் ஸ்கோல்டட்' என்பதற்கு மாற்றாக மலாயிலிருந்து 'கெனா' என்னும் சொல்லையே எடுத்து 'கெனா ஸ்கோல்டட்' எனக் கூறுவதும் உண்டு.

2000ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் நல்ல ஆங்கிலம் பேசும் இயக்கம் தொடங்கப்பட்டது. உலகோர்க்கு விளங்கும் ஆங்கிலம் நம் மாணவர்க்கு வேண்டும் என்பதில் கருத்து வேறுபாடு இருக்க இயலாது. தேர்விலும் நேர்காணலிலும் 'ஹியர் காட்' என்று எழுதவோ பேசவோ கூடாது என்று கற்பிப்பது ஆசிரியர் கடமை. ஆயின் அத்தொடரை ஆளும் பிள்ளையின் பேச்சில் ஒழுங்கு இல்லை என்று கூறுவது வேறு. அதில் ஒழுங்கு உண்டு; அவ்வொழுங்கு நான்கு மொழிகள் அண்டை வீட்டாராக வாழ்ந்ததனால் பிறந்தது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்தின் வடகிழக்கில் நிகழ்ந்த கலப்பே செவ்வழக்கு ஆங்கிலத்துக்கு 'கெட்' என்னும் சொல்லைத் தந்தது என்பதையும் அப்பிள்ளைக்குக் கூறலாம்.

'பெறு' என்னும் நம் வினை

இவ்வரலாற்றைத் தமிழோடு ஒப்பிட்டு நோக்கும்போது ஓர் உண்மை தெளிவாகின்றது. 'கெட்' என்பதற்கு மிக நெருங்கிய தமிழ் வினை 'பெறு'. 'பரிசு பெற்றான்' என்பதில் அடைதல்; 'பெற்றோர்', 'மகப்பேறு' ஆகியவற்றில் பிள்ளை ஈனுதல். வடபுலத்தாரின் 'கெட்டா' சுமந்த பொருளிணை தமிழில் தனியாகவே அமைந்துள்ளது. அதனினும் வியப்புக்குரியது, செயப்பாட்டு வினையை அமைக்கவும் 'பெறு' வருவது. 'நூல் வெளியிடப்பெற்றது', 'புலவர் அழைக்கப்பெற்றார்' என எழுதுகிறோம். ஆங்கிலத்தில் 'காட்' சேர்த்து அமையும் செயப்பாட்டு வினையும் இதுவும் ஒரே வகையில் பிறந்தவை.

ஆயின் மதிப்போ தலைகீழாக உள்ளது. ஆங்கிலத்தில் அவ்வமைப்பு பேச்சுநடைக்குரியது. ஆட்சிக் கடிதத்தில் அதனைத் தவிர்ப்பர். தமிழில் 'பெறு' சேர்ந்த அமைப்பு 'படு' சேர்ந்ததைவிட உயர்ந்தது; விழா அழைப்பிதழிலும் சான்றோரைப் பற்றிய கட்டுரையிலும் அதனை விரும்பி ஆள்வர். பேச்சுநடைக்குத் தமிழ் வேறொரு வினையை வைத்துள்ளது. அது 'வாங்கு'. பழைய இலக்கியத்தில் வளைதலையும் இழுத்தலையும் குறித்த அச்சொல், பின்னர்க் கைக்கொள்ளுதலையும் விலைக்குக் கொள்ளுதலையும் குறித்தது. இன்று 'அடி வாங்கினான்', 'திட்டு வாங்கினான்', 'பெயர் வாங்கினான்' எனப் பேச்சில் செயப்பாட்டுப் பொருளையும் தருகின்றது. 'மூச்சு வாங்குகிறது' என்பதிலோ இழுத்தல் என்னும் பழம்பொருளே நிற்கின்றது. ஒரு பொருள்வளர்ச்சி ஒரு மொழியில் உயர்நடையாகவும் மற்றொரு மொழியில் பேச்சுநடையாகவும் நிற்குமாயின், உயர்வும் தாழ்வும் அவ்வளர்ச்சியின் இயல்பாகா. பேசிய மக்களும் எழுதிய சூழலும் தந்தவையாகும்.

மொழிபெயர்ப்பு வகுப்பில் இவ்வொப்புமை ஓர் எச்சரிக்கையையும் தருகின்றது. 'கெட்' என்பதற்கு 'பெறு' என்று மனப்பாடம் செய்த மாணவர், காய்ச்சல் வந்ததைக் 'காய்ச்சல் பெற்றேன்' என எழுதுவர்; சினம் வந்ததைக் 'கோபம் பெற்றார்' என எழுதுவர். தமிழ் இவ்விடங்களில் வேறு வழியில் செல்லும். 'எனக்குக் காய்ச்சல் வந்தது', 'அவருக்குக் கோபம் வந்தது' என நான்காம் வேற்றுமை ஏற்று வரும். நோயும் உணர்ச்சியும் நாம் தேடி அடைபவை அல்ல. அவை நம்மிடம் வருபவை என்னும் நோக்கு இவ்வமைப்பில் உள்ளது. 'கெட் வெட்' என்பதற்கு 'நனைந்தான்' என ஒரு சொல் போதும். 'கெட் மேரிட்' என்பதற்குத் 'திருமணமாயிற்று' என்பது போதும். ஆங்கிலம் ஒரு வினையைக் கொண்டு பல பணிகளைச் செய்யும். தமிழ் அப்பணிகளைப் பல வினைகளுக்கும் வேற்றுமைகளுக்கும் பகிர்ந்தளிக்கும். இவ்வேறுபாட்டை அறியாத மொழிபெயர்ப்பில் சொற்கள் தமிழாக இருக்கும். தொடரமைப்பு ஆங்கிலமாகவே இருக்கும். செய்தித்தாளிலும் பாடநூலிலும் அத்தகைய தொடர்கள் பெருகினால், நான்காம் வேற்றுமையின் இந்நுட்பத்தை அடுத்த தலைமுறை இழக்க நேரும்.

ஆசிரியர்க்கும் மாணவர்க்கும்

ஒரு சொல் பல பொருள் தருவதைத் தமிழ் மரபு குறையாகக் கொண்டதில்லை. வேறுபட்ட பொருள்களைக் குறிக்கும் ஒரு சொல்லைத் திரிசொல்லின் ஒரு வகையாகத் தொல்காப்பியர் எச்சவியலில் வைத்தார். காலப்போக்கில் புதிதாக வழக்கிற் சேரும் சொல்லைக் கடிந்து விலக்க வேண்டுவதில்லை என்னும் கருத்தையும் அவ்வியலிலேயே கூறினார். மண்டலபுருடர் தம் சூடாமணி நிகண்டில் ஒருசொற் பல்பொருட்குத் தனித் தொகுதியே வகுத்தார். ஜான்சன் தம் வினைப் பட்டியலின் முன் உணர்ந்த மலைப்பை நம் நிகண்டு ஆசிரியர்களும் உணர்ந்திருப்பர்.

ஆகவே வகுப்பறையில் 'கெட்' வரும்போதும் 'வாங்கு' வரும்போதும் சரி, தவறு என்னும் இரண்டு அடையாளங்கள் போதா. யார் பேசும் சொல், யாரிடம் பேசும் சொல், எவ்வகை எழுத்தில் நிற்கும் சொல் என மூன்று வினாக்களை மாணவரோடு சேர்ந்து எழுப்பலாம். மாணவர் ஒருவர் கட்டுரையில் 'அடி வாங்கினான்' என்று எழுதினால், உரையாடற் பகுதியில் அது பொருந்தும் என்றும், அறிக்கையாயின் 'தாக்கப்பட்டான்' என எழுதுக என்றும் ஓரக்குறிப்பு எழுதலாம். அதற்கு ஆகும் நேரம் சிவப்புக் கோடு இடுவதைவிடச் சிறிதே மிகுதி.

மாணவர்க்கு ஒரு பணியும் பரிந்துரைக்கிறோம். 'படு', 'விடு', 'கொள்', 'எடு', 'போடு' ஆகிய வினைகளுள் ஒன்றைத் தெரிந்துகொள்க. வீட்டிலும் கடையிலும் பள்ளியிலும் ஒரு வாரம் அது எவ்வெப்பொருளில் வழங்குகின்றது எனக் கேட்டு எழுதுக. பின்னர் அப்பொருள்களைத் தமிழ் அகராதியோடு ஒப்பிடுக. அகராதியில் இல்லாத பொருள் ஒன்றேனும் கிடைக்கக்கூடும். அதனைப் பிழை என அடித்துவிடாமல், கேட்ட இடத்தையும் நாளையும் உடன் எழுதி ஆசிரியரிடம் காட்டுக. ஆக்ஸ்ஃபோர்டு அகராதியின் முதற்பதிப்பும் ஆயிரக்கணக்கான தன்னார்வலர் இவ்வாறு தாள்துண்டுகளில் எழுதி அனுப்பிய எடுத்துக்காட்டுகளைக் கொண்டே உருவாயிற்று.